யேசுதாஸ் கேட்ட ஏலம்

திருவள்ளூர்ச் சந்நிதித் தெருவில் ராமபத்ரனின் வீடு ஏலத்துக்கு வந்ததற்குக் காரணம் சோறு. குடித்து வீட்டை அழித்தவர்கள் உண்டு, சீட்டாடி அழித்தவர்கள் உண்டு. இந்த மனுஷர் ஊரைக் கூப்பிட்டு இலை போட்டே அழித்தார். தை அமாவாசைக்குக் குளத்தில் முழுக வருகிற கூட்டத்துக்கு அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ததியாராதனம் நடக்கும். அடியார்களுக்கு அன்னமிடுகிற கைங்கரியம் என்று அதற்குப் பெயர். யார் வீட்டு இலையில் எத்தனை இனிப்பு விழுந்தது என்று மறுநாள் காலையில் தெருவே எண்ணிப் பார்க்கும் என்பதற்குப் பெயர் ஏதும் கிடையாது.

அறுபத்தொன்பதாம் வருஷம் எதிர்வீட்டு வக்கீல் ஸம்பத்குமார் இரண்டு இனிப்பு போட்டார். மறு வருஷம் ராமபத்ரன் மூன்று போட்டார். கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற உத்தியோகம் அவருக்கு. அந்தச் சம்பளத்தில் வடை சுட எண்ணெய் வாங்கலாம். உளுந்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். அவர் பார்த்த வழி பெரியபாளையத்து அப்பாவு. பவானி அம்மன் கோயில் வாசலில் கற்பூரம், தேங்காய்க் கடை வைத்திருந்த அப்பாவு, வட்டிக்கும் கொடுப்பார். வீட்டை அடமானம் வை என்றார், இவரும் வைத்தார்.

வீடு அவருடையது என்றால் போகிறது, ஒழியட்டும் என்று விடலாம். அது அவர் மனைவி கோமளவல்லிக்கு அவள் அப்பா எழுதி வைத்த வீடு. அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். "பெருமாளுக்கு ஒரு கட்டளை எழுதறேன், இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்றார் ராமபத்ரன். அவளுக்கு எழுதப் படிக்க நன்றாகவே தெரியும். ஆனால் பெருமாள் காரியம் என்று சொல்லிவிட்டால் அந்தத் தெருவில் ஒருவரும் காகிதத்தைப் படிப்பதில்லை. படித்தால் பெருமாள் மேலேயே சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அவளும் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டாள்.

வட்டி கட்டவில்லை. அப்பாவு கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டுப் படி ஏறினால் தெருவுக்குத் தெரிந்துவிடும் என்று ராமபத்ரன் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மனைவி பெயருக்கு வந்த சம்மனையும் தானே வாங்கி மறைத்துவிட்டார். கேட்பார் இல்லாத வழக்கு எப்படி முடியுமோ அப்படி முடிந்தது. இதற்கு நடுவில் வந்த தை அமாவாசைக்கு, நம்மிடம் பணமில்லை என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்களே என்று வெள்ளிப் பாத்திரத்தை விற்று மறுபடியும் மூன்று இனிப்பு போட்டார் பாருங்கள், அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

ஏலத்துக்கு முன்னால் வீட்டு வாசலில் தண்டோரா போட வேண்டும் என்பது சட்டம். தண்டோரா போடுகிற கலியனை ராமபத்ரன் குளக்கரையில் வைத்தே பிடித்துவிட்டார். பகல் சாப்பாடு ஆகித் தெரு முழுக்கக் கட்டையைச் சாய்த்திருக்கிற நேரமாகப் பார்த்து வந்து, விரல் நுனியால் அடித்துவிட்டுப் போகச் சொல்லி ஐந்து ரூபாய் கொடுத்தார். கலியன் அப்படியே செய்தான். காதில் விழாத ஏலத்துக்கு யார் வருவார்கள்? ஒரு ஈ காக்கை வரவில்லை. அதனால் கோர்ட்டு என்ன செய்தது தெரியுமா? கேட்பு விலையை நன்றாகக் குறைத்து, அடுத்த மாதம் இன்னொரு தேதி போட்டது. தான் ஜெயித்துவிட்டதாக நினைத்து ராமபத்ரன் அன்று இரண்டு டம்ளர் காபி குடித்தார்.

இது எதுவும் கோமளவல்லிக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் கொல்லைப்புறக் கதவைத் தட்டிக்கொண்டு கலியன் வந்து நின்றான்.

"அம்மா, போன வாட்டி சாமி மெதுவா அடிக்கச் சொல்லி துட்டு குடுத்தாரு. இந்த வாட்டியும் மெதுவாவா, இல்ல சத்தமாவான்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

எதை அடிக்க என்று கேட்டாள். வீடு ஏலம் வருகிறதே, அதற்குத்தான் என்றான் அவன், மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி.

கிணற்றடிக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கிணறு, அந்தக் கல், அவள் அப்பா வைத்த அந்தத் தென்னை எல்லாம் யாரோ ஒரு கற்பூரக் கடைக்காரனுக்குப் போகப் போகிறது. தண்டோராக்காரன்வரைக்கும் அது தெரிந்திருக்கிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை. உள்ளே போய்க் கேட்டாள். தெருவுக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே என்று பார்த்தேன் என்றார் ராமபத்ரன், விசிறியைக் கீழே வைக்காமல்.

"மானம் எங்க போனாலும் திரும்பி வந்து படுக்க ஒரு ஆம், தலைக்கு மேல ஒரு கூரை வேணுமே, அதை யோசிச்சேளா?" என்றாள் அவள். அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

நேரே எதிர்வீட்டுக்குப் போனாள். ஸம்பத்குமாருக்குச் சட்டம் தண்ணீர் பட்ட பாடு. மன்னி, மன்னி என்று உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினார். அப்பாவுவிடம் முன்னாலேயே போய் நின்றிருந்தால் தவணை கேட்டிருக்கலாம். நாலு பேர் போட்டி போட்டு ஏலம் கேட்டால் விலை ஏறும், கடன் போக மீதி அவள் கைக்கே வரும். ஒருவனே கேட்டால் வீடும் போய் மீதியும் இல்லை. அப்பாவு தன் மைத்துனனை அனுப்பி அடிமாட்டு விலைக்குத் தட்டிக்கொண்டு போகத்தான் காத்திருக்கிறார். இன்னொன்று, ஏலம் முடிந்தாலும் குடி முழுகிவிடாது. முப்பது நாளைக்குள் கடன் பாக்கி முழுவதையும் கோர்ட்டில் கட்டி, ஏலம் எடுத்தவருக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்துக் கொடுத்துவிட்டால் ஏலம் ரத்து, வீடு பழையபடி அவளுக்கே.

கட்டுவதற்குப் பணம்? அங்கேதான் வக்கீலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கை ரொம்ப இறுக்கம் என்றார். தெருவில் மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஒரு வீட்டில் பெருமாள் பார்த்துக்கொள்வார் என்றார்கள். இன்னொரு வீட்டில் ஒரு டம்ளர் மோர் கொடுத்து, போன ஜன்மத்து வினை என்றார்கள். மூன்று இனிப்பையும் கூச்சமில்லாமல் தின்ற வாய்கள்தான் எல்லாம். கோமளவல்லி மோரைக் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் கலியனுக்கு ஆள் அனுப்பினாள். இந்தத் தடவை காது கிழிய அடி, கடைத்தெருவிலும் அடி, ரயிலடியிலும் அடி என்று பத்து ரூபாய் கொடுத்தாள். மெதுவாக அடிக்க ஐந்து, பலமாக அடிக்கப் பத்து. அந்த வருஷம் கலியனுக்கு அந்த வீட்டில் கிடைத்த மாதிரி வருமானம் வேறெங்கும் கிடைக்கவில்லை. ரூபாயை மடித்துக்கொண்டே அவன் ஒரு சேதி சொன்னான். ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து போன யேசுதாஸ் திருவள்ளூரில் வீடு தேடிக்கொண்டிருக்கிறாராம்.

யேசுதாஸை அவளுக்குத் தெரியும். அவர் அப்பா சின்னதுரை, அவள் அப்பாவின் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மகன் ஏரைத் தொடவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் இரும்பு ஆலையில் உலைக்கு முன்னால் நின்று, படிப்படியாக மேலே போய், இப்போது ஃபோர்மேன். பிள்ளைகளை நல்ல பள்ளிக்கூடத்தில் போடவேண்டும் என்று ஊருக்குள் வீடு பார்க்கிறார். எல்லா வீட்டிலும் 'வீடு காலி' என்று பலகை தொங்கும். இவர் பெயரைச் சொன்னதும் பலகையை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

மறுநாளே கோமளவல்லி பெரியபாளையம் பஸ் ஏறி, அங்கே இறங்கி வேறு பஸ் பிடித்து, இரும்புத் தூசி பறக்கிற ஆலை வாசலில் போய் நின்றாள். வீட்டை வந்து பார், பிடித்திருந்தால் ஏலத்துக்கு வா என்றாள். அவர் நம்பவில்லை. சந்நிதித் தெருவிலா என்று இரண்டு தரம் கேட்டார். ஆமாம், சந்நிதித் தெருவில்தான் என்றாள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவரிடம் வீட்டை விற்பதற்காக அவள் போகவில்லை. அவரைத் தெருவுக்குக் காட்டுவதற்காகப் போனாள். தெருவில் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும், அது எதற்கு வெளியே வரும் என்பதும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை யேசுதாஸ் தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டையோடு மனைவி விக்டோரியாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். தெருவில் ஒரு ஜன்னல்கூட மூடியிருக்கவில்லை. ராமபத்ரன் பூஜை அறைக்குள், அந்த வீட்டுப் பேச்சில் பெருமாள் உள்ளுக்குள், போய்த் தாழ் போட்டுக்கொண்டார். யேசுதாஸ் ஒவ்வொரு உத்தரத்தையும் தட்டிப் பார்த்தார். விக்டோரியா கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் கையில் ஊற்றிக் குடித்துப் பார்த்து, நல்ல தண்ணி என்றாள். தெற்குப் பக்கத்து அறை வெளிச்சமாக இருக்கிறது, பெண்கள் படிக்க இதுதான் சரி என்று புருஷனிடம் மெல்லச் சொன்னாள். அதைக் கேட்டபோது கோமளவல்லிக்கு எங்கோ சுருக்கென்றது. ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போகிற நேரத்தில் யார் சுருக்கென்றதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? காபி கொடுத்து அனுப்பினாள். தெரு இன்னும் நன்றாகப் பார்க்கட்டும் என்று வாசல்வரை வந்து நின்று வழியனுப்பினாள்.

ஏலத்தன்று அப்பாவுவின் மைத்துனன் வெற்றிலையை மென்றுகொண்டே வந்தான், சும்மா கிடைக்கப் போகிற வீடு என்று. யேசுதாஸ் அவனை விடவில்லை. அவன் நூறு ஏற்றினால் இவர் இருநூறு ஏற்றினார். கடைசியில் மைத்துனன் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனான். கால் பங்கை அங்கேயே கட்டிவிட்டு, பாக்கியைச் சேமநிதிப் பணத்தை எடுத்துக் கெடுவுக்குள் கட்டினார் யேசுதாஸ்.

அப்புறம் சந்நிதித் தெருவில் நடந்ததைக் கேளுங்கள். பெருமாள் பார்த்துக்கொள்வார் என்றவர், பெருமாள் இதையெல்லாம் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று குதித்தார். போன ஜன்மத்து வினை என்றவர்கள் இந்த ஜன்மத்துக் காசு மாலையைக் கழற்றி வைத்தார்கள். கை இறுக்கமான ஸம்பத்குமார்தான் எல்லாரையும்விட அதிகம் கொண்டுவந்தார். கோயில் மணி அடித்தால்கூட வராத கூட்டம் தினமும் அவர் வீட்டில் கூடியது. தானிய மூட்டைக்குள்ளிருந்து, ரேழிப் பரணிலிருந்து, மாமியாருக்குத் தெரியாமல் வைத்திருந்த அஞ்சறைப் பெட்டியிலிருந்து, தெருவில் எட்டு வீட்டுச் சேமிப்பும் ஒரே வாரத்தில் வெளியே வந்தது. நம் பிராமண சமூகத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்றார் ஸம்பத்குமார். மூன்று இனிப்பு சாப்பிட்டபோது அந்தச் சமூகம் எங்கே இருந்தது என்று கோமளவல்லி கேட்கவில்லை. பணம் கைக்கு வருகிறவரையில் வாயை மூடிக்கொள்ள அவளுக்குத் தெரியும்.

சும்மா கொடுத்துவிடவும் இல்லை. ஸம்பத்குமார் ஒரு பத்திரம் எழுதிக்கொண்டு வந்தார். வீடு இனி எட்டு வீட்டாருக்கும் அடமானம், மாதாமாதம் வட்டியோடு அடைக்க வேண்டும். இந்தத் தடவை கோமளவல்லி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்தாள். பெருமாள் கோபித்துக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டாள். கோர்ட்டில் பணம் கட்டி ஏலம் ரத்தானது. வீடு பிழைத்தது.

போட்ட பணத்தையும் அதற்கு மேல் நூற்றுக்கு ஐந்தையும் வாங்கிக்கொள்ள யேசுதாஸ் கோர்ட்டுக்கு வந்திருந்தார். தாழ்வாரத்தில் அவளைப் பார்த்தார். கோமளவல்லி சமாளித்துக்கொண்டு, உனக்கும் நஷ்டமில்லையே, லாபம்தானே என்றாள்.

அவர் ரூபாயைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். "என்னிய சோளக்கொல்லை பொம்மையாட்டம் நிக்க வெச்சீங்கம்மா. பரவால்ல. ஆனா நான் ஊடு வாங்கத்தான் வந்தேன். எந்த ரூம்பு யாருக்குன்னு பசங்க சண்ட போட்டுக்கினு கீதுங்க. அதுங்களுக்கு இன்னா சொல்றதுன்னுதான் தெரியல."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். வீட்டைக் காப்பாற்றிய அன்று ராத்திரி கோமளவல்லிக்குச் சாதம் இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. தெருவைப் பார்த்துச் சிரித்தோமே, அந்தத் தெருவின் புத்தியை வைத்துப் பிழைத்தவள் நாம்தானே என்று இருந்தது. ராமபத்ரன் ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருப்பதும் லேசாக இல்லை. எட்டு வீட்டுக்காரர்களும் நினைத்தபோது உள்ளே வந்தார்கள். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறதே என்பார் ஒருவர். நம்ம தென்னையில் தேங்காய் எத்தனை என்பார் இன்னொருவர். அவள் அப்பளம் இட்டு விற்று மாதாமாதம் அடைத்துக்கொண்டு வந்தாள். தை அமாவாசைக்கு வாசலைச் சாத்திவிட்டாள். ராமபத்ரன் அடுத்த வீட்டு இலையில் போய் உட்கார்ந்தார்.

இரண்டு வருஷம் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் ஸம்பத்குமார் பூனை மாதிரி உள்ளே வந்தார். அவர் வீடும் ஏலத்துக்கு வந்திருந்தது. அதே பெரியபாளையம், அதே அப்பாவு. இந்த வீட்டைக் காப்பாற்றக் கடன் வாங்கிக் கொடுத்தது கொஞ்சம். எதிர்வீடு இலை போடாத வருஷம், நாமாவது தெருவின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று நாலு இனிப்பு போட்டது மிச்சம். வக்கீலுக்குத் தெரியாத சட்டமா? ஆனால் தவணை கேட்டு அப்பாவு கடை வாசலில் நிற்பதற்கு அவருக்கும் கூச்சம்.

"மன்னி, அந்த யேசுதாஸ் விலாசம் கொஞ்சம் சொல்லுங்கோ. ஒரு தரம் வந்து ஆத்தைப் பார்த்துட்டுப் போனாப் போதும். மீதியைத் தெரு பார்த்துக்கும்."

விலாசம் எதற்கு, நானே போய் அழைத்து வருகிறேன் என்றாள் கோமளவல்லி.

மறுபடியும் இரண்டு பஸ். மறுபடியும் ஆலை வாசல். போன தடவை அவள் அவரை நீ என்று பேசினாள். இந்தத் தடவை முதல் சொல்லே நீங்க என்று வந்தது. போன தடவை செய்ததை மறைக்காமல் சொன்னாள். அது தப்பு என்றும் சொன்னாள். பிறகு, "இந்தத் தடவை பயப்படாமக் கேளுங்கோ. ரத்து பண்ணத் தெருவில ஒருத்தர்கிட்டயும் காலணா கிடையாது. இருந்ததெல்லாம் என் ஆத்துச் சுவருக்குள்ள மாட்டிண்டிருக்கு. எனக்குத் தெரியும், மாசாமாசம் நான்தானே கொடுக்கறேன்" என்றாள்.

யேசுதாஸ் சிரித்துவிட்டார். ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன், நில்லுங்கள் என்று உள்ளே போனார்.

ஏலத்தில் அவரே எடுத்தார். தெரு பழைய வழக்கப்படி ஸம்பத்குமார் வீட்டில் கூடியது. சமூகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள். யார் எவ்வளவு தருவது என்று பேச்சு வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பரணில் இருந்ததும் அஞ்சறைப் பெட்டியில் இருந்ததும் எங்கே போயிற்று என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கப்புறம் இலை போட வாங்கிய கடன் வேறு வீட்டுக்கு வீடு இருந்தது. இரண்டொருவர் கோமளவல்லியிடம் வந்து, மொத்தத்தையும் உடனே திருப்பிக் கொடு என்றார்கள். பத்திரத்தில் மாதாமாதம் என்றுதான் எழுதியிருக்கிறது, வக்கீலைக் கேளுங்கள் என்றாள். வக்கீலைக் கேட்டார்கள். தான் எழுதிய பத்திரத்தைத் தானே படித்து, ஆமாம் என்றார் ஸம்பத்குமார். முப்பது நாளும் கூட்டம் நடந்தது, முப்பது நாளும் மோர் கொடுத்தார்கள். கெடு முடிந்தது. கடன் போக நல்ல தொகை மிச்சம் கிடைத்து, ஸம்பத்குமார் மெட்ராஸில் மகன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். இவ்வளவு மிஞ்சும் என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே விற்றிருப்பேன் என்று போகும்போது சொன்னாராம்.

யேசுதாஸ் குடும்பம் ஒரு வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிக் குடி வந்தது. அந்த வாரமே உற்சவம். கருட சேவைக்குப் பெருமாள் வீதி வருகிற நாள், ராமபத்ரன் கூடத்துக்கும் வாசலுக்கும் நடையாக நடந்தார். வழக்கமாக வீட்டுக்கு வீடு பெருமாளை நிறுத்தித் தீபாராதனை காட்டுவார்கள். எதிர்வீட்டு வாசலிலோ விக்டோரியா தெருவே மெச்சும்படி கோலம் போட்டுவிட்டு, தன் பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள். பெருமாளைத் தோளில் சுமந்து வருகிற ஸ்ரீபாதந்தாங்கிகள் பழக்கத்தில் அங்கேயும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ராமபத்ரன் கையைப் பிசைந்தார்.

"நின்னா நிக்கட்டுமே," என்றாள் கோமளவல்லி. "இந்தத் தெருவில கடனில்லாத வாசல் அது ஒண்ணுதான். பெருமாளும் ஒரு நிமிஷம் நிம்மதியா நிக்க வேண்டாமா?"